வடக்குச் சுவரின் வயது

ஆன்செல்ம் பரோவுக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. அவருடைய அப்பாவுக்கும் கிடையாது, தாத்தாவுக்கும் கிடையாது. முர்வால் ஊரில் இது ஒன்றும் அதிசயமல்ல. ஞாயிற்றுக்கிழமை பெண்டாட்டியைப் பங்குக் கோயிலின் வாசல்வரை கொண்டுபோய் விடுவது, தொப்பியைத் தொட்டுவிட்டு அப்படியே நழுவி எதிரே லுசியானின் கஃபேக்குள் நுழைவது, பூசை முடிகிற மணி அடித்ததும் உதட்டைத் துடைத்துக்கொண்டு மறுபடி வாசலில் ஆஜராவது, இதுதான் முர்வால் ஆண்பிள்ளைகளின் மதம். சாவு வீட்டுக்கும் இதே முறைதான். பெட்டி உள்ளே போகும், பெண்கள் பின்னால் போவார்கள், ஆண்கள் கஃபேக்குப் போவார்கள். செத்தவனுக்கு எழுந்து நடக்க முடிந்திருந்தால் அவனும் அங்கேதான் போயிருப்பான்.

இப்பேர்ப்பட்ட ஆன்செல்ம் முப்பது வருடமாக அந்தக் கோயிலே கதியென்று கிடந்தார் என்றால் அதற்குக் காரணம் கடவுள் இல்லை, வடக்குச் சுவர்.

அவருடைய தொழில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. முர்வாலில் உரிமம் வைத்திருக்கிற எல்லோரும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து திட்டு வாங்கித் தேறியவர்கள்தான். மேயர் கந்தலூகூட அப்படித்தான். பின்பக்கமாக வண்டியை எடுக்கும்போது ரொட்டிக்கடைச் சுவரை இடித்தவர் கந்தலூ. அதை ஆன்செல்ம் மறக்கவுமில்லை, கந்தலூவை மறக்க விடவுமில்லை. ஊர் முழுக்க அவருக்கு வாத்தியார் என்றுதான் பெயர். அந்த வண்டியில் அவர் காலடியிலும் ஒரு பிரேக் இருந்தது. எதிரே இருப்பவர் எவ்வளவு வேகமாகப் பேசிக்கொண்டு போனாலும், தான் நினைத்த இடத்தில் நிறுத்திவிடலாம் என்கிற நினைப்பு அதிலிருந்துதான் அவருக்கு வந்திருக்க வேண்டும்.

ஒரு மழைக்காலத்தில் கோயிலின் கூரை ஒழுகி, வடக்குச் சுவரின் பூச்சு பெரிய பெரிய பாளங்களாகக் கழன்று விழுந்தது. பிரெஞ்சு நாட்டில் பழைய கோயில்கள் எல்லாம் ஊராட்சியின் சொத்து. உள்ளே கும்பிடுவது சாமியாரின் வேலை, ஒழுகினால் ஓட்டை அடைப்பது மன்றத்தின் வேலை. மன்ற உறுப்பினர் என்ற முறையில் ஆன்செல்ம் குப்பையை அள்ள உள்ளே போனார். கல்யாணத்துக்குப் பிறகு அவர் அதற்குள் கால் வைத்தது அன்றுதான்.

பூச்சு விழுந்த இடத்தில் சுவர் அம்மணமாக நின்றது. ஆளுயரத்துக்கு இரண்டு நேர்கோடுகள் மேலிருந்து கீழே கத்தியால் கீறினதுபோல இறங்கின. அவற்றின் நடுவே ஒழுங்கில்லாத சின்னச் சின்னக் கற்கள். மேலே கோணலாக ஒரு அரைவட்ட வளைவு. அடியில் ஒரு வாசற்படிக்கல், நடுவில் சூப் தட்டுபோலத் தேய்ந்து குழிந்திருந்தது. எப்போதோ அடைத்துவிட்ட ஒரு வாசல். மனுஷன் அள்ளின குப்பையை அப்படியே போட்டுவிட்டு நின்றார். நாற்பதைத் தாண்டின வயதில் ஒருவர் காதலில் விழுந்தால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது அது. பார்க்கவும் சகிக்கவில்லை.

அதற்கப்புறம் புத்தகங்களாக வாங்கித் தள்ளினார். உளிக் கொத்து, சாந்தின் நிறம், கல்வரிசை, வளைவின் கூர்மை எல்லாம் பாடமாயிற்று. கோயில் நாலு கட்டங்களாகக் கட்டப்பட்டது என்று முடிவு செய்தார். மக்கள் உட்காருகிற நடுக்கூடம் பதினோராம் நூற்றாண்டு. பீடப்பகுதி பன்னிரண்டு. இங்கிலாந்துக்காரனோடு நடந்த நீண்ட சண்டை ஓய்ந்த பிறகு மணிக்கூண்டு. கடைசியாகத் தெற்கே ஒரு சிற்றாலயம். இதில் மணிக்கூண்டையும் சிற்றாலயத்தையும் பற்றி யாருக்கும் சந்தேகமில்லை. எல்லாம் அந்த முதல் கட்டத்தில்தான் இருந்தது. அதற்கு அவர் கையிலிருந்த ஒரே அத்தாட்சி வடக்கு வாசல்.

அவருடைய ஆராய்ச்சியின் சாரம் ரொம்பச் சுலபமானது. கோணல்மாணலாக இருந்தால் பழசு, சீராக இருந்தால் புதுசு. ஆரம்பத்தில் மனிதனுக்குக் கட்டத் தெரியாது, போகப்போகக் கற்றுக்கொண்டான், அவ்வளவுதான். இந்த வாசலைப்போலக் கோணலாக அந்தப் பக்கத்திலேயே வேறெதுவும் இல்லை. ஆகவே இதுதான் எல்லாவற்றுக்கும் மூத்தது. ஊருக்கு வடக்கே ஒரு துறவிமடம் இருந்திருக்க வேண்டும், துறவிகள் விடியுமுன் இந்த வாசல் வழியாகச் செபத்துக்கு வந்திருக்க வேண்டும். மடத்தின் கல் ஒன்றுகூடக் கிடைக்கவில்லையே என்று கேட்டால், அவ்வளவு பழசு என்பார்.

வருடா வருடம் செப்டம்பரில், பழைய கட்டடங்களை ஊருக்குத் திறந்துகாட்டுகிற நாளில், வேடிக்கை பார்க்க வருகிறவர்களை அந்தப் படிக்கல்லுக்கு முன்னால் நிறுத்திவைத்து, குரலைத் தாழ்த்தித் தொடங்குவார்.

"குனிஞ்சு பாருங்க. தொடாதீங்க. நூத்துக்கணக்கான வருஷம் வெறுங்காலோட துறவிங்க நடந்து நடந்து தேஞ்ச குழி இது. குளிர்ல, பட்டினியோட, ஒரு வார்த்தை பேசாம. எனக்கு நம்பிக்கை கிடையாது, ஆனா இந்தக் குழியைப் பாத்தா எனக்கே தொண்டையை அடைக்குது."

நிஜமாகவே அடைக்கும். அவர் நடிக்கவில்லை. அதுதான் இந்தக் கதையில் பாவமான விஷயம்.

அளக்கும்போது நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். அவர் மனைவி ஒதீல் பிடித்துக்கொண்டாள். அவள் பீடத்துக்குப் பூ வைக்கிறவள், பூசை உள்ள ஞாயிறு ஒன்றையும் தவறவிடாதவள். குளிர்காலத்தில் அவர் ஏணியில் தொங்கிக்கொண்டு கற்களை எண்ணும்போது, கீழே நாற்காலியில் உட்கார்ந்து செபமாலை உருட்டுவாள். நடுநடுவே, "சரியாப் பிடி, தொய்யுது" என்று மேலிருந்து சத்தம் வரும். ஒரு கையில் நாடாவை இழுத்துப் பிடித்துக்கொண்டு மறுகையால் மணியைத் தள்ளுவாள். பக்கத்தில் குடுவையில் அவருக்குக் காப்பி இருக்கும். துறவிகளைப் பற்றி அவர் அவளுக்கும் விளக்குவார், பலமுறை விளக்கினார். அவள் ஒருநாளும் மறுத்ததில்லை.

இதற்கெல்லாம் எதிரி ஒருவர் வேண்டுமல்லவா? பக்கத்து ஊரான கொர்தியே அந்தப் பாத்திரத்தை ஏற்றது. அங்கேயும் ஒரு கோயில், அங்கேயும் ஒரு ஆராய்ச்சியாளர், பெலிசார் என்று ஓய்வுபெற்ற மருந்துக்கடைக்காரர். கொர்தியே கோயிலுக்கு முன்னால் மாநிலத்துப் பாரம்பரிய அலுவலகத்தின் முத்திரையோடு ஒரு பலகை நின்றது. 'பன்னிரண்டாம் நூற்றாண்டு' என்று அதில் எழுதியிருந்தது, கீழே பெலிசாரின் பெயரும் இருந்தது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் ஆன்செல்ம் வண்டியின் வேகத்தைக் குறைத்து அந்தப் பலகையை ஒரு பார்வை பார்ப்பார். பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டப் பழகுகிறவர்களுக்கு, அங்கே ஏதோ வேகக் கட்டுப்பாடு இருக்கிறது என்று எண்ணம்.

முர்வாலுக்கும் பலகை வேண்டும், அதில் 'பதினோராம் நூற்றாண்டு' என்று இருக்க வேண்டும், அதற்குக் கீழே 'ஆய்வு: ஆன்செல்ம் பரோ' என்று இருக்க வேண்டும். அவர் வாழ்க்கையில் கேட்டது இது ஒன்றுதான். பிள்ளை நகரத்தில் வேலைக்குப் போய்விட்டான், வருடத்துக்கு ஒருமுறை வருவான். ஓட்டுநர் பள்ளியை வாங்கினவன் முதல் வாரமே பெயர்ப்பலகையை மாற்றிவிட்டான். தன் பெயர் எழுதின ஏதாவது ஒன்று, கல்லறையைத் தவிர, அந்த ஊரில் நிற்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். அதைக் குற்றம் சொல்ல முடியாது.

முத்திரை வேண்டுமானால் அலுவலகத்தின் நிபுணர் வந்து சோதிக்க வேண்டும் என்றார்கள். வேறு யாராவது இருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்பார்கள். இவர் விடாமல் எழுதினார், தொலைபேசியில் பிடித்தார், மேயரைக் கூட்டிக்கொண்டு நேரில் போய் உட்கார்ந்தார். "சோதிக்கட்டும், நல்லா சோதிக்கட்டும்" என்று கஃபேயில் மார்தட்டினார். தன் தலையில் போட்டுக்கொள்ள மண்ணை இவ்வளவு பாடுபட்டு யாரும் வரவழைத்ததில்லை.

கடைசியில் ஒரு வசந்தகாலத்தில் நிபுணர் வந்தார். மாரீன் துவே என்று இளம் பெண், சேறு படிந்த பூட்ஸ், தலையில் விளக்கு. ஆன்செல்ம், பிரெஞ்சு வண்டியில் சொல்லிக்கொடுக்கிற பழக்கதோஷத்தில், அவருக்கு வலப்பக்கமாக நின்றுகொண்டார்.

"இப்ப வலது பக்கம் திரும்புங்க மேடம். மெதுவா. அந்தத் தூணைத் தாண்டினதும் மேல பாருங்க."

"ம்" என்றார் மாரீன்.

"இப்ப வடக்குச் சுவர். அவசரப்படாதீங்க."

"ம்."

அவர் கூரைக்கு ஏறி, உத்திரங்களில் மெல்லிய குழாயால் துளையிட்டு பென்சில் பருமனில் மரத்தை உருவி எடுத்தார். மரத்தின் வளையங்களை வைத்து அதை வெட்டிய வருடத்தைக் கண்டுபிடிக்கலாம். சாந்தைச் சுரண்டிப் பைகளில் போட்டார். சுவரோரமாக இங்கிருந்து அங்கே பலமுறை நடந்தார், கல்வரிசையை விரலால் தடவிக்கொண்டே. வாசலுக்கு முன்னால் மட்டும் அதிக நேரம் நின்றார். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நிற்கிற தகப்பனைப்போல ஆன்செல்மும் கூடவே நின்றார்.

மர வளையங்களின் முடிவு கைக்கு வந்ததும் மாரீன் மறுபடி வந்தார். மேயரும் வந்திருந்தார். ஒதீல் பீடத்தருகே பூவை மாற்றிக்கொண்டிருந்தாள்.

"உத்திரம் எல்லாம் பன்னெண்டாம் நூத்தாண்டு நடுவுல வெட்டின மரம். சுவரும் அப்பதான். பாருங்க, இந்தக் கல்வரிசை நடுக்கூடத்துல ஆரம்பிச்சு பீடப்பகுதி வரைக்கும் உடையாமப் போவுது. ரெண்டும் ஒரே கட்டம்" என்றார் மாரீன்.

"வாசல்?" என்றார் ஆன்செல்ம்.

"வாசல் சுவருக்கு அப்புறம் வந்தது. கட்டி முடிச்ச சுவரை யாரோ வெட்டியிருக்காங்க. அந்த நேர்கோடு ரெண்டும் வெட்டின விளிம்பு. இந்தக் கல்லுங்க பாதியில உடைஞ்சிருக்கு பாருங்க."

"அப்ப எவ்வளவு அப்புறம்?"

"அடைப்பைப் பிரிச்சா சொல்லலாம். நீங்க சரின்னா."

ஆன்செல்ம் சரி என்றார். அப்போதும் அவருக்குக் கலக்கமில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டின் கடைசியாக இருந்தாலும் துறவிகள் துறவிகள்தானே.

மாரீனும் உதவிக்கு வந்த ஒரு கொத்தனாரும் கற்களை ஒவ்வொன்றாக உருவினார்கள். வளைவுக் கற்களின் இடுக்கில் சாம்பல் நிறத்தில் கெட்டியான சாந்து இருந்தது. தொழிற்சாலையில் வேகவைத்த சுண்ணாம்பு, ரயில் வந்த காலத்துச் சரக்கு என்றார் மாரீன். அடைப்புக்குள்ளே கொட்டியிருந்த குப்பையில் பாட்டில் கழுத்துகள், உடைந்த களிமண் புகைக்குழாய்கள், அடி தடித்த மதுக் குவளையின் துண்டுகள். ஆன்செல்ம் ஒவ்வொன்றையும் கையில் வாங்கிப் பார்த்தார். துறவிகள் புகைபிடிப்பார்களா என்று ஒரு கணம் யோசித்தார்கூட.

"இந்த மாதிரி இன்னும் சில ஊர்ல பாத்திருக்கேன். கொத்தனார் வேலை இல்ல இது. பிரசங்கம் ஆரம்பிச்சதும் ஆம்பளைங்க நைசா வெளிய போயிட்டு, நற்கருணை நேரத்துக்குத் திரும்பி வர்றதுக்காக அவங்களே வெட்டிக்கிட்டது. அதான் வளைவு இவ்வளவு கோணல்" என்றார் மாரீன்.

"படிக்கல்லு தேஞ்சிருக்கே மேடம். நூத்துக்கணக்கான வருஷம் ஆகாம இப்படித் தேயுமா?"

"மெத்துன்னு இருக்கிற சுண்ணாம்புக் கல்லு. அவங்க போட்டதோ லாடம் அடிச்ச மரக்கட்டைச் செருப்பு. ஊரே வாராவாரம் ஓட்டமா ஓடினா ஒரு தலைமுறை போதும்."

கொத்தனார் கடைசிக் கல்லை வெளியே தள்ளினார். வெளிச்சம் உள்ளே விழுந்தது. வாசலுக்கு நேர் எதிரே, அளவெடுத்து வைத்ததுபோல, லுசியானின் கஃபே. மேசைக்குப் பின்னால் குவளை துடைத்துக்கொண்டிருந்த லுசியான் நிமிர்ந்து, கோயில் சுவரில் ஓட்டை விழுந்திருப்பதையும் அதில் வாத்தியாரின் முகம் தெரிவதையும் பார்த்தான். கையிலிருந்த குவளையை அவரை நோக்கி உயர்த்தினான்.

மேயர் கந்தலூ சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினார். ரொட்டிக்கடைச் சுவருக்கு அன்றைக்குத்தான் கணக்குத் தீர்ந்தது.

சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஆன்செல்ம் வழக்கப்படி கஃபேக்குப் போனார், போகாவிட்டால் அது இன்னும் அசிங்கம் என்று.

"வாங்க துறவியே" என்றான் லுசியான். "வெறுங்காலோடவா வந்தீங்க?"

"அவர் ஒரு வார்த்தை பேச மாட்டாருடா. குளிர்ல, பட்டினியோட வந்திருக்காரு, ஒரு சிவப்பு ஒயின் ஊத்து" என்றான் மூலையிலிருந்த கறிக்கடைக்காரன்.

"வாத்தியாரே, எனக்கு ஒரு சந்தேகம். அந்தக் குழியைப் பாத்து அழுதீங்களே, அது உங்க தாத்தா கால் பட்ட எடமா, எங்க தாத்தா கால் பட்ட எடமா?" என்றான் இன்னொருவன்.

"எங்க தாத்தாதான் வேகமா ஓடுவாரு. குழி அவருதுதான்."

கொர்தியேயிலிருந்து பெலிசார் தொலைபேசியில் கூப்பிட்டு அனுதாபம் தெரிவித்தார். ஒரே நூற்றாண்டுக்காரர்களாகிவிட்டோம், ஒருநாள் சாப்பிட வாருங்கள் என்றாராம். அதுதான் எல்லாவற்றையும்விட வலித்தது.

அதற்கப்புறம் ஆன்செல்ம் கஃபேக்கும் போகவில்லை, கோயிலுக்கும் போகவில்லை. சமையலறை மேசையில் உட்கார்ந்து மாரீன் துவேக்கு மறுப்பு எழுதத் தொடங்கினார். தொழிற்சாலைச் சாந்து பின்னால் பழுதுபார்த்தபோது வந்திருக்கலாம், பாட்டில்களை யாராவது வேண்டுமென்றே போட்டிருக்கலாம். எழுதுவார், கிழிப்பார். ஒதீல் வெங்காயம் அரிய இடமில்லாமல் மடியில் பலகையை வைத்து அரிந்தாள். சில நாள் பொறுத்தாள். அப்புறம் அவளுக்கும் அலுத்துவிட்டது.

"போதும், எந்திரி. பாட்டிலை யாரும் வேணும்னு போடல. சாமியார்தான் அடைக்கும்போது குப்பையோட கொட்டினாரு."

ஆன்செல்ம் பேனாவை வைத்தார். "உனக்கு எப்படித் தெரியும்?"

"எங்க பெர்த் அத்தை சொல்லும். கோயிலைக் கழுவுற அன்னிக்கு அந்த எடத்துக்கு வந்தா மட்டும் துடைப்பத்தை ரெண்டு அடி ஓங்கி அடிக்கும், குடிகாரப் பயலுங்க வாசல்னு. இந்த ஊர்ல பொம்பளைங்க எல்லாருக்கும் தெரியும்."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும். ரொட்டிக்கடைக்காரிக்குத் தெரியும். கந்தலூ பொண்டாட்டிக்குத் தெரியும்."

"முப்பது வருஷமா நாடாவைப் பிடிச்சுக்கிட்டு நின்னே. ஒரு வார்த்தை சொல்லலையே."

"நீ கேக்கலையே." ஒதீல் கத்தியைப் பலகையில் வைத்தாள். "துறவி வந்தான், துறவி போனான்னு எனக்கு நீ பாடம் எடுத்தே. ஒருநாளாவது, ஒதீல், இது என்னவா இருக்கும்னு கேட்டியா?"

ஆன்செல்ம் எழுதின தாளைக் கவிழ்த்து வைத்தார்.

"இன்னொண்ணும் கேட்டுக்கோ. அந்த வாசல் இருந்த வரைக்கும் ஆம்பளைங்க பாதிப் பூசையாவது உள்ள இருந்தாங்க. சாமியார் கோவத்துல அதை அடைச்சாரு. இவங்களும் கோவத்துல, அப்படின்னா நாங்க உள்ளயே வரமாட்டோம்னு வெளியவே நின்னுட்டாங்க. உன் தாத்தாதான் முதல் ஆளு. கொள்கை கொள்கைன்னு உங்கப்பா மேசையைத் தட்டுவாரே, அது கொள்கை இல்ல. வாசலை அடைச்சுட்டான்னு கோவம். அதான் மூணு தலைமுறையா ஓடுது."

கோயிலின் கட்டங்களுக்குத் தேதி போட வாழ்க்கையைச் செலவழித்தவருக்கு, கடைசியில் தன் நாத்திகத்தின் தேதி கிடைத்தது. ரயில் வந்த காலத்துச் சாந்து, இடையில் குப்பை.

"சொல்லியிருக்கலாம்" என்றார் மெதுவாக.

"சொல்லியிருந்தா நீ என்ன பண்ணியிருப்பே? ஏணியை மடக்கிட்டு ரோட்டைத் தாண்டிப் போயிருப்பே. நம்ம பையன் ஞானஸ்நானத்துக்கு வாசல்ல நின்னே. எங்கம்மா சாவுக்கு லுசியான் அப்பன் கடையில நின்னே. உள்ள நான் தனியாத்தான் உக்காந்திருந்தேன். அந்தச் சுவர்ப் பூச்சு விழுந்த நாள்லேருந்துதான் நீ உள்ள வந்தே. எதுக்கோ வந்தே, வந்தே இல்ல? அதை நான் என் வாயாலயே கெடுத்துக்கணுமா?"

அவள் வெங்காயத்தை எடுத்துக்கொண்டு அடுப்புக்குப் போனாள். கண்ணைத் துடைத்தாள். வெங்காயத்தின் மேல் பழி போட வசதியாக இருந்தது. ஆன்செல்முக்கு அந்த வசதியும் இல்லை.

இதற்கிடையில் மேயர் கந்தலூவுக்குப் புது யோசனை வந்திருந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கோயில் எந்த ஊரில் இல்லை? குடிக்க ஓடுவதற்கென்று ஊரே சேர்ந்து வெட்டின வாசல் எங்கே இருக்கிறது? அதைத் திறந்தே வைத்து, கண்ணாடிக் கதவு போட்டு, விளக்கு வைத்தால் கோடைக்கு ஆட்கள் கொட்டுவார்கள். லுசியான் ஒருபடி மேலே போய், கண்ணாடி எதற்கு, காலால் கடந்து வரட்டும், வந்ததும் என் மேசை என்றான். மன்றத்தில் பாதிப் பேர் கை தூக்கினார்கள். மீதிப் பாதி, பெண்கள் எல்லோரும் அதில் அடக்கம், தூக்கவில்லை. பாக்கி ஒரே ஓட்டு ஆன்செல்முடையது.

"வாத்தியாரே, உங்க பேரு பலகையில வரும். பெருசா வரும்" என்றார் மேயர். "கண்டுபிடிச்சதே நீங்கதான்னு போட்டுடலாம். துறவிங்க விஷயத்தை விட்டுடலாம்."

ஆன்செல்முக்கு அது தேனாக இனித்திருக்க வேண்டும். பெலிசார் பலகையை யாரும் வண்டி நிறுத்திப் பார்ப்பதில்லை. இதற்குப் பேருந்தே வரும். அவர் சபையைச் சுற்றிப் பார்த்தார். கந்தலூவின் மனைவி பார்வையாளர் வரிசையில் ஒதீலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நூல் பின்னிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் அவரைப் பார்க்கவில்லை.

"அடைக்கணும்" என்றார்.

"என்னது? நீங்களே தொறக்க வெச்சீங்க, நீங்களே அடைக்கச் சொல்றீங்க?"

"வண்டியை எடுத்தவன்தான் நிறுத்தணும். குளிர் காத்து அடிக்குது, ஈரம் ஏறுது. அடைக்கணும். நானே அடைக்கிறேன்."

ஈரத்தை யாரும் நம்பவில்லை. ஆனால் வாத்தியார் பிரேக்கை மிதித்தால் மிதித்ததுதான்.

மாரீன் எல்லாவற்றையும் படமெடுத்து, அளந்து, பாட்டில்களைப் பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு போனார். அடைப்புக்குச் சுண்ணாம்புச் சாந்துதான் போட வேண்டும், சிமெண்டு கூடாது என்று மட்டும் சொன்னார். பலகைக்கான வாசகத்தையும் அவரே திருத்திக் கொடுத்தார். நடுக்கூடமும் பீடப்பகுதியும் பன்னிரண்டாம் நூற்றாண்டு. மணிக்கூண்டும் சிற்றாலயமும் பதினைந்து. வடக்கு வாசல் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஊர் ஆண்களால் வெட்டப்பட்டு, அதே நூற்றாண்டில் சாமியாரால் அடைக்கப்பட்டது. இந்த வருடம் திறக்கப்பட்டு, இந்த வருடமே மறுபடி அடைக்கப்பட்டது. ஆய்வு என்று எழுதி ஆன்செல்மின் பெயர், சின்ன எழுத்தில். அந்த வாசகத்தில் ஆன்செல்முக்கென்று உறுதியாகச் சொல்ல முடிந்தது மறுபடி அடைக்கப்பட்டது என்கிற வரி ஒன்றுதான்.

அடைக்கிற அன்றைக்கு அவர் சட்டைக்கையை மடித்துவிட்டுச் சாந்து குழைத்தார். கரண்டி பிடித்துப் பழக்கமில்லை. கற்களைக் குவித்து வைத்துவிட்டு, வாசலின் நடுவில், அந்தக் குழிந்த படிக்கல்லின்மேல் நின்று யோசித்தார். ஒருபக்கம் கஃபே, லுசியானும் கூட்டமும் நாற்காலிகளை வெளியே போட்டுக்கொண்டு வேடிக்கை பார்க்க உட்கார்ந்திருந்தார்கள். மறுபக்கம் அரையிருட்டில் ஒதீல், கையில் தண்ணீர் வாளியோடு.

"எந்தப் பக்கம் நின்னு கட்டப் போறே?" என்று கேட்டாள்.

"வெளிய நின்னு கட்டுங்க வாத்தியாரே, தாகத்துக்கு நாங்க இருக்கோம்" என்று சாலைக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

ஆன்செல்ம் கரண்டியை எடுத்துக்கொண்டு உள்ளே இறங்கினார். முதல் வரிசை கொஞ்சம் சாய்ந்தது, இரண்டாவது அதைவிட அதிகமாகச் சாய்ந்தது. ஒதீல் கல் எடுத்துக் கொடுத்தாள். கஃபேயின் மேசை மறைந்தது, அப்புறம் லுசியானின் முகம், அப்புறம் பெயர்ப்பலகை. கடைசிக் கல்லை வைக்கும்போது வெளியே யாரோ கை தட்டினார்கள், கேலியாகத்தான். உள்ளே அமைதியாக இருந்தது.

அடுத்த ஞாயிறு முர்வாலின் முறை. சுற்றுவட்டாரத்து ஊர்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே சாமியார், எப்போதாவது ஒருமுறைதான் அவர் இந்தப் பக்கம் வருவார். ஆன்செல்ம் ஒதீலை வாசல்வரை கொண்டுபோய் விட்டார், தொப்பியைத் தொட்டார். பிறகு அதைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அவள் பின்னாலேயே உள்ளே நடந்தார். கஃபேயில் சீட்டாட்டம் நின்றுபோயிற்று. உள்ளே பெண்கள் யாரும் தலையைத் திருப்பவில்லை. திருப்பாமலேயே எல்லோரும் பார்த்தார்கள்.

வாசகம் படித்தார்கள், பாட்டுப் பாடினார்கள், ஆன்செல்ம் எழச் சொன்னபோது எழுந்தார், உட்காரச் சொன்னபோது உட்கார்ந்தார். எல்லாம் தாங்கக்கூடியதாகத்தான் இருந்தது. பிறகு சாமியார் மேடைக்கு வந்து தொண்டையைச் செருமிக்கொண்டார். இத்தனை வாரம் வராததற்கும் சேர்த்துப் பேச வந்தவர்போலத் தொடங்கினார். நாம் அனைவரும் ஒருவகையில் பயணிகள் என்றார். பயணம் என்பது பாதை என்றார். பாதைக்கு வந்தவர் பாதையைவிட்டு நகரவே இல்லை. நாற்காலியின் குச்சி ஆன்செல்மின் முதுகில் குத்தியது. பாதம் மரத்துப்போயிற்று. நாக்கு வறண்டது. சாமியார் பாதையின் இரண்டாவது வளைவுக்கு வந்தார்.

ஆன்செல்மின் கால்கள் அவரைக் கேட்காமலேயே வடக்குப் பக்கமாகத் திரும்பின. அங்கே அவருடைய சுவர் நின்றது, கோணலாக, கெட்டியாக, ஒரு ஓட்டைகூட இல்லாமல். அதையே பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, முப்பது வருடம் அளந்தும் கிடைக்காத ஒன்று அந்த நிமிடத்தில் கிடைத்தது. அந்த ஆண்களின் பாடு அவருக்கு முதுகெலும்புவரை புரிந்தது. ஒதீலின் காதருகே குனிந்தார்.

"அந்த வாசலை எதுக்கு வெட்டினாங்கன்னு இப்ப எனக்கு நல்லாத் தெரியுது."

ஒதீல் பீடத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"தெரிஞ்சா சரி. நேரா உக்காரு. அடைச்சவன் நீதான்."